ஜொகூர் சுல்தானும் நீதிமன்றமும்: விலக்குரிமையின் நூறாண்டு வரலாறு

மலாய் ஆட்சியாளர்களின் சட்ட விலக்குரிமையை ஆராய்வோர் பெரும்பாலும் 1993ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு நூறாண்டு முன்பே, இலண்டனில், ஒரு பெண் தொடுத்த திருமண வாக்குறுதி வழக்கில் ஜொகூர் சுல்தானின் பெயர் சட்ட நூல்களில் ஏறிவிட்டது. அன்று பேசப்பட்ட விலக்குரிமை வேறு, 1993இல் நீக்கப்பட்டது வேறு. முன்னது நாடுகளுக்கு இடையிலானது; பின்னது ஒரு நாட்டின் குடிமக்களுக்கும் ஆட்சியாளருக்கும் இடையிலானது. இவ்விரண்டையும் ஒரே உரிமையின் தொடர்ச்சியாகக் காண்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘மைகெல் எதிர் ஜொகூர் சுல்தான்’ என்ற அவ்வழக்கு 1894ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றது. சுல்தான் அபு பக்கார் இங்கிலாந்தில் ‘ஆல்பர்ட் பேக்கர்’ என்ற பெயரில் பழகினார், மணந்துகொள்வதாகச் சொல்லிக் கைவிட்டார் என்பது ஜென்னி மைகெலின் முறையீடு. சுல்தான் தரப்பு அந்த முறையீட்டுக்குள் இறங்கவே இல்லை. அவர் இறைமையுள்ள ஆட்சியாளர், அவரை விசாரிக்க இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. சான்றாக வந்தது குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஒரு கடிதம். 1885 டிசம்பரில் செய்த உடன்படிக்கையில் ஜொகூர் தன் வெளியுறவைப் பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்திருந்தது. அப்படிப்பட்டவர் எப்படி இறைமையுள்ளவர் ஆவார் என்று மைகெல் தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் சான்றே முடிவானது, அதற்கு மேல் நீதிமன்றம் துருவக்கூடாது என்று எஷர் பிரபுவும் உடனிருந்த நீதிபதிகளும் கூறிவிட்டார்கள். பொய்ப் பெயரில் வாழ்ந்ததால் விலக்குரிமை போய்விடாது. நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கும் வேளையில் அவராகவே அதன் அதிகாரத்துக்கு உட்பட்டால்தான் போகும்.

ஜொகூரின் இறைமை, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் தாளில் எழுதப்பட்டதால் இலண்டனில் செல்லுபடியானது. அந்த உரிமையைத் தந்தது ஜொகூர் மக்களின் சட்டமன்று. ஜொகூர் தனக்கென எழுத்து வடிவில் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டதே 1895இல்தான். அபு பக்கார் இலண்டனில் மறைந்ததும் அதே ஆண்டில்.

‘அவராகவே உட்பட்டால்’ என்ற அந்த விதிவிலக்கு அவருடைய மகன் சுல்தான் இப்ராஹிமின் மேல் வந்து விழுந்தது. சிங்கப்பூரிலிருந்த நிலம் தொடர்பாக, ஜப்பானிய ஆட்சிக்காலத்து நீதிமன்றத்தை நாடியவர் அவரே. போர் முடிந்து அந்தத் தீர்ப்பை மறு ஆய்வுக்கு எடுத்தபோது அவர் இறைமையைக் காட்டி விலக முயன்றார். 1952இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. வழக்கைத் தொடங்கியவர் அதன் தொடர்ச்சிக்கும் கட்டுப்பட்டவர் என்றது. எந்தச் சூழலிலும் அயல்நாட்டு ஆட்சியாளர்மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்றொரு முழுமையான விதி இல்லை என்று சைமன் பிரபு அதில் குறிப்பிட்டார். பின்னாளில் ஐதராபாத் நிஜாமின் பணம் பற்றிய வழக்கில் டென்னிங் பிரபு துணைக்கு அழைத்ததும் இந்தத் தீர்ப்பைத்தான்.

1957இல் கதை மாறுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 181(2) பிரிவு, ஆட்சியாளர்மீது தனிப்பட்ட முறையில் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது என்றது. முன்னது அயல்நாட்டு நீதிபதியிடமிருந்து காத்த கேடயம்; இதுவோ சொந்தக் குடிமகனுக்கு எதிரான வேறொரு கேடயம். ஆயினும் அது அரியணையில் இருப்பவருக்கு மட்டுமே உரியது. அதனால்தான் துங்கு மாமுட் இஸ்கந்தார் சுல்தானாவதற்கு முன், 1970களில், குற்றவியல் வழக்குகளில் தண்டனை பெற முடிந்தது. அவற்றுள் ஒன்றில், 1973ஆம் ஆண்டின் தொகுப்பிலுள்ள தீர்ப்பை எழுதி, சட்டத்தின் முன் இளவரசரும் எளியவரும் ஒன்றே என்று நிறுவியவர் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா. தண்டனையை மன்னித்தவர் குற்றவாளியின் தந்தையான சுல்தான் இஸ்மாயில். அந்த மன்னிப்பு அதிகாரமும் அரசியலமைப்பு தந்ததே.

1981இல் இஸ்கந்தார் சுல்தானானார். ஜொகூர் பாருவின் சுல்தான் அபு பக்கார் கல்லூரி ஹாக்கிப் பயிற்றுநர் ஒருவர், 1992 நவம்பர் இறுதியில் தாம் அரண்மனைக்கு அழைக்கப்பட்டுத் தாக்கப்பட்டதாகப் போலீசில் புகார் செய்தார். ஆல்பர்ட் பேக்கரின் உண்மைப் பெயரைத் தாங்கிய அதே கல்லூரி! டிசம்பர் 10இல் மக்களவை சிறப்பாகக் கூடியது. 1993 ஜனவரியில் திருத்த மசோதா நிறைவேறியது. ஆட்சியாளர்களோடு நீண்ட இழுபறிக்குப்பின் மார்ச் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது மாமன்னராக இருந்தவர், 1973இல் அந்தத் தீர்ப்பை எழுதிய அதே அஸ்லான் ஷா.

திருத்தம் விலக்குரிமையை முற்றாக அழித்துவிட்டதாக எழுதுவோர் 182, 183 பிரிவுகளை ஊன்றிப் படிக்க வேண்டும். ஆட்சியாளர்மீதான வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் மட்டுமே நடக்கும். அதன் ஐந்து உறுப்பினர்களில் இருவரை நியமிப்பது ஆட்சியாளர் மாநாடு. சட்டத்துறைத் தலைவர் தாமே இசைவு தராமல் வழக்கே தொடங்காது. 1996இல் சிங்கப்பூர்க் குடிமகள் ஒருவர் பகாங் சுல்தான்மீது தொடுத்த அவதூறு வழக்கைச் சிறப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. மலேசியக் குடிமகள் அல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை என்பது காரணம். ஜென்னி மைகெல் அந்த ஆண்டில் வந்திருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். எனினும் 2008இல், நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் ஒரு வங்கிக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது.