போனுக்கு இல்லை, தராசுக்கு! சென்னை ஐஐடியின் 'சக்தி' சிப்புக்கு சந்தை எங்கே?

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிதான். ஆனா இந்த மலையில் கம்ப்யூட்டர் மூளை அங்கே மட்டும் இல்லை. சாமை மூட்டையை எடை போடும் எலக்ட்ரானிக் தராசு, டிஜிட்டல் மின் மீட்டர், டிவி ரிமோட் என எல்லாத்துக்குள்ளேயும் ஒரு குட்டி ப்ராசஸர் இருக்கு. 2014-ல் தொடங்கிய சென்னை ஐஐடியின் 'சக்தி' திட்டத்தில், 'இ கிளாஸ்' என்ற எளிய வகை குறிவைப்பது இந்த மாதிரி சாதனங்களைத்தான்.

போன் சிப் ஏன் இல்லை?

போன் சந்தை ஏற்கெனவே 'ஆர்ம்' வடிவமைப்பின் கையில். புது சிப்பில் வாட்ஸ்அப் சரியா ஓடலைன்னா அந்தப் போனை யார் வாங்குவாங்க? தராசு அப்படியில்லை. உள்ளே ஓடுவது ஒரே ஒரு புரோகிராம். சிப்பை மாற்றினால் அதை மட்டும் திருத்தினால் போதும். கடைக்காரருக்கு உள்ளே யாரோட சிப் இருக்குன்னே தெரியாது.

வேகமும் பெரிசா தேவையில்லை. 2020-ல் வெளிவந்த 'மௌஷிக்' சிப், மொஹாலி செமிகண்டக்டர் லேபில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. போனுக்கு இது ரொம்பப் பழைய தொழில்நுட்பம். ஸ்மார்ட் கார்டு, வருகைப்பதிவு கருவி, வீட்டு உபயோகப் பொருட்களுக்கு தாராளம்.

அப்போ சிக்கல் என்ன?

விலை. 'சக்தி' பயன்படுத்தும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்புக்கு உரிமக் கட்டணம் கிடையாது. அது நமக்கு மட்டுமில்லை, சீனாவுக்கும்தான். அங்கே அதே ரிஸ்க்-ஃபைவில் செய்த சிஎச்32வி003 என்ற சிப், மொத்தமா வாங்கினால் சுமார் 10 சென்ட், அதாவது பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. சிப்பின் வடிவமைப்புச் செலவும் அச்சு செய்யும் செலவும் முதலிலேயே போட வேண்டிய பணம். லட்சக்கணக்கில் விற்றால்தான் ஒரு சிப்புக்கான விலை இறங்கும். விலை இறங்கினால்தான் லட்சக்கணக்கில் விற்கும்!

அதனால்தான் விலையைவிட நம்பிக்கை முக்கியமான இடங்கள் பக்கம் பார்வை போகுது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் அறிவித்த 'ஐரிஸ்' சிப், விண்வெளிப் பயன்பாட்டுக்கானது. பெருமையான வாடிக்கையாளர்தான், ஆனா ராக்கெட்டுக்குத் தேவைப்படும் சிப்புகளின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு.

நடுவில் ஒரு வழி, பாதுகாப்பு அம்சங்களோடு கொஞ்சம் விலை கூடிய சிப். சென்னை ஐஐடியில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024-ல் அறிமுகப்படுத்திய 28 நானோமீட்டர் 'செக்யூர் ஐஓடி' சிப் அந்த ரகம். 'சக்தி' அடிப்படையிலான இது, ஸ்மார்ட் பூட்டு, மீட்டர் போன்றவற்றைக் குறிவைக்குது. மீட்டரை ஹேக் செய்தால் பில்லே மாறிடும் என்பதால், அதைத் தயாரிப்பவர் கூடுதல் காசு தர யோசிக்க மாட்டார். சாமை எடை போடும் தராசைச் செய்பவர், ஒரு ரூபாய் கூடினாலும் சீன சிப் பக்கம்தான் போவார்.