ஒக்கவாங்கோ வடிநிலச் சஃபாரி முகாம்கள்

ஒக்கவாங்கோ வடிநிலச் சஃபாரி முகாம்கள், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானா நாட்டின் வடமேற்கே, ஒக்கவாங்கோ ஆறு விரிந்து பரவும் சதுப்புக் காட்டில் அமைந்த உயர்தரத் தங்குமிடங்கள் ஆகும். யானை, சிங்கம், நீர்யானை, காட்டுநாய் முதலியவற்றையும் நீர்ப்பறவைகளையும் காண வருவோர் இவற்றில் தங்குகின்றனர். கித்தான் கூடாரமே இவற்றின் மூல வடிவம். விலையும் வசதியும் பலமடங்கு பெருகிய பின்னரும் அவ்வடிவம் பெரும்பாலும் மாறவில்லை. மௌன் என்ற ஊர் இம்முகாம்களுள் பெரும்பாலானவற்றுக்கு நுழைவாயில்.

பெயர்

சஃபாரி என்பது பயணத்தைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல்; அரபு மொழியின் 'சஃபர்' என்பதிலிருந்து வந்தது. தமிழில் வழங்கும் 'முகாம்' என்ற சொல்லும் தங்குமிடத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லே. செல்லுதலும் தங்குதலும் ஆகிய இரு பொருளும் சேர்ந்ததே சஃபாரி முகாம். கூடாரங்களால் ஆனதை 'கேம்ப்' என்றும், சுவரும் கூரையும் உடையதை 'லாட்ஜ்' என்றும் வழங்கினர். இன்று இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஒக்கவாங்கோவைக் கழிமுகம் என்று சொல்வது பொருந்தாது. இந்த ஆறு கடலைச் சேர்வதில்லை. ஆதலால் இக்கட்டுரையில் வடிநிலம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

நிலமும் நீரும்

அங்கோலாவின் மேட்டு நிலத்தில் குபாங்கோ என்னும் பெயரில் பிறக்கும் ஆறு, நமீபியாவின் குறுகிய நிலப்பட்டை ஒன்றைக் கடந்து, மொகெம்போ என்னுமிடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. முதலில் இரு நிலப்பிளவுகளுக்கு நடுவே ஒடுங்கி, பாப்பிரஸ் கோரைகளின் ஊடே வளைந்து வளைந்து ஓடுகிறது. வாணலியின் கைப்பிடி போன்ற இப்பகுதியைத் தாண்டியதும் விசிறியாக விரிந்து கலகாரி மணலில் பரவுகிறது. ஆண்டுதோறும் வரும் ஏறத்தாழ 11 கன கி.மீ. நீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகளின் மூச்சாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

அங்கோலாவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, தட்டையான நிலத்தில் மெல்ல ஊர்ந்து, சூன், சூலை மாதங்களில்தான் வடிநிலத்தின் தென்கோடியை அடைகிறது. அப்போது போட்ஸ்வானாவில் மழையற்ற குளிர்காலம். சுற்றிலும் நிலம் காய்ந்திருக்க, வடிநிலத்தில் மட்டும் வெள்ளம் நிறைகிறது. விலங்குகள் அங்கே திரள்வதும், முகாம்களின் கட்டணம் அம்மாதங்களில் உச்சத்தை எட்டுவதும் இதனாலேயே.

முகாம்கள் தீவுகளின் விளிம்பில் அமைகின்றன. அத்தீவுகள் பல கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை. வெள்ளத்துக்கு மேல் நீட்டிநின்ற புற்றில் விதை விழுந்து மரமாகி, மரத்தடியில் மண் சேர்ந்து, தீவு வளர்கிறது. ஈச்சை, அத்தி, கருங்காலி இனத்து மரம், தமிழில் சிவகுண்டலம் எனப்படும் தொங்குகாய் மரம் ஆகியவற்றின் நிழலே முகாமுக்கு இடம் தேர்வதில் முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

தொடக்க வரலாறு

வடிநிலத்தின் பழங்குடிகள் ஆற்றோரச் சான் மக்கள். பின்னர் பாயேயி மக்களும் அம்புக்குசு மக்களும் வடக்கிலிருந்து வந்து குடியேறினர். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்யும் 'மொகோரோ' என்ற தோணியை இங்குக் கொண்டுவந்தவர்கள் பாயேயி மக்கள். ஓட்டுபவர் தோணியின் பின்முனையில் நின்று நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவார். துடுப்பு கிடையாது, நீர் ஆழமற்றது என்பதால் கழியே போதும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பமங்க்வாட்டோ மக்களிடமிருந்து பிரிந்துவந்த பட்டவானா என்னும் சுவானா இனத்தார் இப்பகுதியின் ஆட்சியைக் கைக்கொண்டனர். 1915இல் அவர்கள் தலைநகரை மௌனுக்கு மாற்றினர்.

ஐரோப்பியர்களில் டேவிட் லிவிங்ஸ்டன், ஆஸ்வெல், மர்ரே ஆகியோர் 1849 ஆகஸ்டு 1 அன்று வடிநிலத்தின் தெற்கே உள்ள ங்காமி ஏரியை அடைந்தனர். வழியில், வடக்கே ஆறுகள் நிறைந்த நாடு ஒன்று இருப்பதாக லிவிங்ஸ்டன் கேள்விப்பட்டார். சுவீடன் நாட்டுப் பிறப்புடைய சார்லஸ் ஜான் ஆண்டர்சன் 1853இல் வந்து, 1856இல் ங்காமி ஏரி பற்றி நூல் வெளியிட்டார். இவர்களைத் தொடர்ந்து யானைத்தந்த வணிகர்களும் வேட்டைக்காரர்களும் வந்தனர். மாட்டு வண்டியும் கித்தான் கூடாரமும் மடக்குக் கட்டிலும் அவர்களின் தங்குமிடம். இன்றைய முகாமின் முன்னோடி அதுவே எனலாம்.

1896-97இல் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் கால்நடைகளையும் காட்டெருமைகளையும் அழித்தது. குருதிக்கு விலங்கின்றிச் செட்சீ ஈயும் பின்வாங்கியது. காட்டு விலங்குகள் மீண்டும் பெருகியபோது ஈயும் திரும்பிவந்தது. மனிதருக்கு உறக்க நோயையும் மாட்டுக்கு நகானா நோயையும் தரும் இந்த ஈயை ஒழிக்க அரசு காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளியதும் உண்டு. ஆயினும் கால்நடை மந்தைகளை வடிநிலத்துக்குள் நுழையவிடாமல் நெடுங்காலம் தடுத்தது இந்த ஈயே. ஆகவே காட்டைக் காத்த முதற் காவலன் என்று இதனைச் சொல்வது மிகையன்று.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளியூரார் தங்க மௌனில் இருந்த இடம் ரைலி விடுதி. அதன் மதுக்கூடத்தில் வணிகர், மாட்டுத் தரகர், முதலை வேட்டையாடுவோர் கூடினர். முதலைத் தோலுக்காக இரவில் படகில் சென்று ஆயிரக்கணக்கில் முதலைகளைக் கொன்றவர்களுள் பாபி வில்மட் பெயர்பெற்றவர். ஓடைகளின் போக்கையும் தீவுகளின் இருப்பையும் இத்தகையோரும் அவர்களுடன் தோணி செலுத்திய பாயேயி மக்களுமே நன்கறிந்திருந்தனர்.

1960களின் தொடக்கத்தில் கென்யா விடுதலையை நெருங்கியபோது, அங்கே தொழில் நடத்திய வேட்டை நிறுவனங்கள் தெற்கு நோக்கி நகர்ந்தன. கெர், டவுனி, செல்பி நிறுவனத்தின் ஹாரி செல்பி, அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ருவார்க்கின் வேட்டை நூலால் ஏற்கெனவே புகழடைந்தவர். அவர் 1963இல் மௌனுக்கு வந்து, 2018இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கென்யப் பாணி வேட்டை முகாமின் ஒழுங்கு, அதாவது விடியலில் தேநீர், கித்தான் குளியலறை, வெள்ளை விரிப்பிட்ட இரவு உணவு மேசை ஆகியவை, அவரைப் போன்றோர் வழியாகவே இங்கு வேரூன்றின.

அதே 1963ஆம் ஆண்டு மார்ச்சில் மோரெமி காட்டுயிர்க் காப்பகம் நிறுவப்பட்டது. மறைந்த தலைவர் மூன்றாம் மோரெமியின் மனைவியும் பட்டவானாவின் ஆட்சிப் பொறுப்பாளருமான புலானே மோரெமி, வேட்டையால் விலங்குகள் அருகுவதைக் கண்டு, தம் மக்களின் நிலத்தையே காப்பகமாக்க இசைந்தார். ஆப்பிரிக்காவில் குடியேற்ற அரசின் ஆணையின்றி, உள்ளூர் மக்களே தம் நிலத்தில் அமைத்த முதற் காப்பகம் இது. காப்பகப் பரப்பில் வாழ்ந்த சான் மக்கள் க்வாய் ஆற்றின் வடகரைக்கு இடம் மாற்றப்பட்டனர். பின்னாளில் தலைவர் தீவு எனப்படும் பெருந்தீவும் இதனுடன் இணைக்கப்பட்டது. அரச குடும்பத்தின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்ததால் அத்தீவு அப்பெயர் பெற்றது.

செல்பி க்வாய் ஆற்றோரத்தில் அமைத்த விடுதி, துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக் கருவியோடு வருவோருக்கான தொடக்ககால விடுதிகளுள் ஒன்று. 1983இல் தொடங்கிய வில்டர்னஸ் சஃபாரிஸ் நிறுவனம், நகரும் கூடாரப் பயணங்களில் ஆரம்பித்துப் பிறகு நிலையான முகாம்களை அமைத்தது. தலைவர் தீவின் வடமுனையில் உள்ள அதன் மொம்போ முகாம் பின்னர் உலகப் புகழ் பெற்றது. 2001இல் காண்டாமிருகங்களை வடிநிலத்துக்கு மீட்டுக்கொணரும் பணி மொம்போ பகுதியில்தான் தொடங்கியது.

வகைகள்

இம்முகாம்களை மூன்று அடிப்படைகளில் வகுக்கலாம்.

நீரின் அடிப்படையில்: ஆண்டு முழுதும் நீர் சூழ்ந்த இடத்தில் இருப்பது நீர் முகாம். மொகோரோவும் இயந்திரப் படகுமே இங்கு ஊர்தி. செந்நிற லெச்வே மான், சதுப்பில் ஒளிந்து வாழும் சிட்டதுங்கா மான், மீன் பிடிக்கும் ஆந்தை, தாடிக் கொக்கு ஆகியவற்றைக் காண ஏற்றது. உயர்ந்த நிலத்தில் இருப்பது நில முகாம். இங்கே திறந்த ஜீப்பில் சென்று சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் பார்க்கலாம். வெள்ளக் காலத்தில் படகும் வறண்ட காலத்தில் ஜீப்பும் ஓடும் இடங்களில் இருப்பது கலப்பு முகாம். வெள்ளம் ஆண்டுக்காண்டு வேறுபடுவதால் ஒரே முகாம் ஓராண்டு நீர் முகாமாகவும் மறு ஆண்டு நில முகாமாகவும் மாறுவதுண்டு.

தங்குமிடத்தின் அடிப்படையில்: நிலைக்கூடார முகாம், விடுதி, நகர்முகாம், ஓரிரவு முகாம் என நான்கு. நகர்முகாமில் பணியாளர்கள் முன்னதாகவே லாரியில் சென்று அடுத்த இடத்தில் கூடாரம் அடித்து வைப்பர். ஓரிரவு முகாம் என்பது பெரிய முகாமிலிருந்து நடந்தோ தோணியிலோ சென்று, கொசுவலை மட்டும் கட்டி வெட்டவெளியில் உறங்குவது.

நிலவுரிமையின் அடிப்படையில்: மோரெமி காப்பகத்துக்குள் இருப்பவை, தனிக் குத்தகை நிலத்தில் இருப்பவை, ஊர்ச் சமூகத்தின் நிலத்தில் இருப்பவை என மூன்று. இவ்வேறுபாடு விருந்தினரின் அனுபவத்தையே மாற்றும். காப்பகத்துக்குள் ஊர்தி பாதையை விட்டு விலகக் கூடாது; இரவில் செல்லவும் கூடாது. குத்தகை நிலத்தில் இரவுப் பயணம், பாதை விலகல், காவலருடன் நடைப்பயணம் மூன்றுக்கும் இடமுண்டு. உயர்ந்த கட்டணம் கோரும் முகாம்கள் பல குத்தகை நிலத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அமைப்பு

குத்தகைக் காலம் முடிந்தால் தடமின்றிப் பிரித்தெடுக்கத்தக்கதாக முகாம் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள கட்டடமுறையின் அடிப்படை. ஆகவே சிமெண்டு அடித்தளத்துக்குப் பதில் மரக்கால்கள் நட்டு, அவற்றின்மேல் பலகைத் தளம் பரப்பி, கித்தானும் ஓலையும் வேய்கின்றனர். பொதுவாக ஒரு முகாமில் 8 முதல் 12 கூடாரங்கள் இருக்கும். அவற்றை உணவுக் கூடத்துடன் இணைக்கும் பலகைப் பாதை தரைக்கு மேலே உயர்ந்து செல்கிறது. யானைகள் அதன் அடியிலும் குறுக்கிலும் நடமாடும். வேலி இல்லாததால் இருட்டியபின் விருந்தினர் தனியே நடக்க அனுமதியில்லை. பணியாளர் ஒருவர் விளக்குடன் கூட்டிச் சென்று கூடாரத்தில் விட்டுவருவார். டீசல் மின்னாக்கியின் இரைச்சலை நீக்கப் பல முகாம்கள் சூரிய மின்சாரத்துக்கு மாறியுள்ளன.

விடியுமுன் எழுப்புதல், காப்பி, காலைப் பயணம், முற்பகல் பேருணவு, வெயில் நேர ஓய்வு, பிற்பகல் தேநீர், மாலைப் பயணம், கதிரவன் மறையும்போது நீரோரத்தில் மது, நாணல் வேலியிட்ட வெளியில் தீயைச் சுற்றி இரவு உணவு என்பது எல்லா முகாம்களுக்கும் பொதுவான நாளொழுங்கு.

குத்தகையும் கொள்கையும்

வடிநிலமும் அதைச் சூழ்ந்த பகுதியும் எண்ணிட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன. 1990ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கை, குறைந்த எண்ணிக்கையில் வருவோரிடமிருந்து மிகுந்த வருவாய் பெறுவதை நோக்கமாகக் கொண்டது. ஒரு பிரிவில் இத்தனை படுக்கைகள்தாம் என்ற வரம்பு இதனால் வந்தது. வடிநிலம் கூட்டத்தால் கெடாமல் தப்பியதற்கு இக்கொள்கை ஒரு காரணம். ஆனால் வருவாயில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குச் செல்கிறது, உள்ளூர் மக்கள் தம் நிலத்திலேயே அயலாராகின்றனர் என்று ஜோசப் ம்பைவா முதலிய ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். 1990களிலிருந்து சங்கோயோ, க்வாய் முதலிய ஊர்கள் அறக்கட்டளை அமைத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பெறத் தொடங்கியதால் இக்குறை ஓரளவு தீர்ந்தது.

இன்றைய நிலை

1996இல் ராம்சர் பட்டியலிலும், 2014இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் 1,000ஆவது இடமாகவும் வடிநிலம் சேர்க்கப்பட்டது. 2014இல் தடைசெய்யப்பட்ட பொழுதுபோக்கு வேட்டை 2019இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கள்ள வேட்டை பெருகியதால் 2020இல் கருங்காண்டாமிருகங்கள் வடிநிலத்திலிருந்து அகற்றப்பட்டன. ஆற்றின் மேற்பகுதியில் நமீபியாவில் நடக்கும் எண்ணெய்த் துரப்பணம் குறித்து எதிர்ப்பு உள்ளது. முதல்தர முகாம்களில் உச்சப் பருவத்தில் ஒருவருக்கு ஓர் இரவுக் கட்டணம் 2,000 அமெரிக்க டாலருக்கும் மேல்.

வடிநிலத்தின் உட்பகுதி முகாம்களுக்கு மௌனிலிருந்து சிறு விமானத்தில் சென்று மண் ஓடுதளத்தில் இறங்க வேண்டும். விமானத்தின் சரக்கறை சிறியதாகையால், ஒருவர் பொதுவாக 20 கிலோவுக்கு மேற்படாத, சக்கரமில்லாத துணிப்பையை மட்டுமே கொண்டுசெல்லலாம்.