அப்பத்தாவின் ஆடுகளும் சீமைக் கருவேலமும்

2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஜேசிபி இறங்கியது. தென் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்த நேரம் அது. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. இளவட்டங்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். கைத்தடியை ஊன்றியபடி நின்ற என் அப்பத்தா, "வெட்டட்டும், நல்லதுதேன். நாளைக்கு அடுப்புல எதை வைக்கிறதாம்?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. வண்டியின் இரைச்சலில் கேட்காமல் போயிருக்கலாம். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "காமராசர் காலத்துல கொண்டாந்த மரம்" என்பார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளர்களில் ஒருவரான பெட்டோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற மரம் என்று பரிந்துரைத்து 1876இல் வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் அடுத்த ஆண்டு கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. காமராசர் பிறந்ததே 1903இல்தான். ஆனால் ஊர்க் கதை, ஆவணக் கதை இரண்டுமே ஓர் ஆணின் பெயரோடு முடிந்துவிடுகின்றன. மரம் யாருடைய நிலத்தில் வேர்விட்டது என்ற கேள்வியை இரண்டும் கேட்பதில்லை.

அந்த நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் 'தரிசு' என்று பெயர், 'புறம்போக்கு' என்று பெயர். வரி தராத நிலம் அரசாங்கத்தின் கண்ணுக்கு வெறும் நிலம். எங்கள் ஊரில் அது மேய்க்கால், மந்தைவெளி, தண்ணீர் வற்றிய பின் கண்மாயின் உள்வாய். அங்கே கொழுக்கட்டைப்புல்லும் அருகும் இருந்தன. கோடையில் புல் தீய்ந்தால் நாட்டுக் கருவேலங்காயைத் தொரட்டியால் உலுப்பிவிட்டால் ஆடுகளுக்குப் போதும். அந்த 'வெறும் நிலத்தில்' விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நடந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து இரண்டு பொட்டை வெள்ளாட்டுக் குட்டிகளை ஓட்டிவந்தாள். புஞ்சை தாத்தா பெயரில், வீடு தாத்தாவின் அப்பா பெயரில். ஆடுகள் மட்டும் அவளுடையவை. என் அத்தையின் காதுத்தோடும் அப்பாவின் பள்ளிக்கூடச் செலவும் கிடாய் விற்ற காசு. அதற்குத் தாத்தாவிடம் அவள் கை நீட்டியதில்லை. சொந்தமாக ஒரு செண்டு நிலம்கூட இல்லாத பெண் ஆடு வைத்திருக்க முடிந்தது, ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் இருந்ததால்தான். பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசும்போது பட்டாவைப் பேசுகிறோம். பட்டா இல்லாத இந்த நிலத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சீமைக் கருவேலம் இந்தப் பொது நிலத்தில்தான் முதலில் அடர்ந்தது. தழையை ஆடு மாடு கடிப்பதில்லை. அடியில் புல் முளைப்பதில்லை. ஆனால் பழுத்த காய் இனிக்கும். புல் அற்றுப்போன கோடையில் கால்நடைகள் அதைத் தின்றன. கடின ஓட்டுக்குள் இருக்கும் விதையில் ஒரு பகுதி, மாட்டின் வயிற்றுக்குள் போயும் சாகாமல் சாணத்தோடு வந்து விழுந்து இன்னும் எளிதாக முளைக்கிறது. ஆடு பல விதைகளை மென்று நொறுக்கிவிடும். மிஞ்சியவை புழுக்கையோடு பரவின. மந்தை நடந்த தடமெல்லாம், கிடை போட்ட இடமெல்லாம் முள் எழுந்தது.

பழி ஆட்டுக்காரிகள் மேல் விழுந்தது. "நான் மேச்ச ஆடுதானே வெதைச்சுச்சு" என்று அப்பத்தாவே என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதை அவள் நம்பினாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. பொருளியலாளர் என்.எஸ். ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகம் உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில், 1950களுக்குப் பிறகு ஊர்ப் பொது நிலங்கள் பெருமளவு சுருங்கிவிட்டதைக் காட்டினார். ஏழைகளே அந்நிலங்களை அதிகம் நம்பியிருந்தார்கள் என்பதையும் காட்டினார். தனியார் கைக்குப் போனது போக எஞ்சிய மேய்ச்சலில் அதே எண்ணிக்கை ஆடுகள் நெருக்கியடித்தன. புல் தேய்ந்த மண்ணில் அயல் மரம் எளிதாக ஏறியது. ஆடு விதையைச் சுமந்தது உண்மை. புல்லை இல்லாமல் ஆக்கியது ஆடு மட்டும் அல்ல.

நான் பிறப்பதற்கு முன்பே அப்பத்தா ஆடுகளை விற்றுவிட்டாள். மேய்க்கப் போனால் முள் குத்திக் காலோ ஆட்டின் கண்ணோ புண்ணாகாத வாரமில்லை. அதன் பிறகு அவள் கரிமூட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். அவள் மேய்ச்சலைத் தின்ற மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, புகைவிட்டுக் கரியாக்குவது வேலை. முதலாளி வேறொருவர். ஆனாலும் அந்த மரத்தை அவள் ஒருநாளும் சபித்ததில்லை. மானம் பொய்த்த வருடங்களில் உலை கொதித்தது அதனால்தான். விறகுக்குக் காதவழி நடப்பதும் குறைந்தது. மேய்ச்சலைப் பறித்த மரமே அடுப்பையும் எரித்தது. பெண்களின் கணக்கு இப்படிச் சிக்கலானது. 'வரமா சாபமா' என்ற பட்டிமன்றத் தலைப்புக்குள் அது அடங்குவதில்லை.

இந்தக் கதை கடல் தாண்டியும் நடந்தது. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களில் விறகுக்காக இதே மரத்தைத் திட்டம் போட்டு நட்டார்கள். மேய்ச்சல் அழிந்ததும் இல்சாமுஸ் என்னும் கால்நடை வளர்ப்பு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று பல் கொட்டிப்போன ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். இங்கே மரத்துக்கு எதிராக எத்தனையோ மனுக்கள் போடப்பட்டன. அப்பத்தாவின் ஆடுகளுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

2017இல் தொடங்கிய வேகம் அதே ஆண்டிலேயே நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றது. 2022இல் அயல் படர் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்த உயர் நீதிமன்றம், சில நாட்களில் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. மரத்துக்கு ஓர் உத்தரவு, ஆட்டுக்கு ஓர் உத்தரவு. இரண்டுக்கும் நடுவே நிற்பவளிடம் கேட்டு எழுதிய வரி எதிலும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் கண்மாயில் இரண்டே மழையில் முள் மறுபடி தழைத்தது. மேலோடு வெட்டினால் அடிக்கட்டை நாலாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பல வருடங்களுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். கன்றைக் கன்றாகப் பிடுங்க வேண்டும். காய் உதிருமுன் பொறுக்கி, விதையோடு அரைத்துத் தீவனமாக்கினால் பரவல் குறையும். வெட்டவெளியானதும் நாட்டுப் புல் விதைத்து, அது வேர்பிடிக்கும்வரை ஆடுகளைத் தள்ளி நிறுத்தி, பிறகு முறை வைத்து மேய்க்க வேண்டும். இதில் முதல் நாள் வேலையை மட்டும்தான் ஜேசிபி செய்கிறது. பிடுங்குவதும் பொறுக்குவதும் காவலிருப்பதும் வருடக்கணக்கான வேலை. எங்கள் ஊரில் அது பெண்கள் கையில்தான் வந்து சேரும். அதற்குக் கூலி உண்டா, முளைக்கிற புல்லில் அவர்களுக்கு உரிமை உண்டா என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அப்பத்தா இப்போது இல்லை. போன கோடையில் ஊருக்குப் போனபோது, கண்மாய்க்கரையில் விறகுக்கட்டோடு வந்த சின்னம்மாவிடம் கேட்டேன்: "மறுபடியும் முள்ளு வெட்ட வந்தா என்ன சொல்லுவீங்க?" கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"புல்லு வேணும்னு சொல்லுவேன். அது வர்ற வரைக்கும் வெறகுக்கு என்ன வழின்னு கேப்பேன். ரெண்டையும் தாள்ல எழுதிக்கிட்டு, பெறகு வண்டிய அனுப்பச் சொல்லு."