ஓர் அரச வாக்குறுதியின் கதை
(கர்னாத்தா உடன்படிக்கை முதல் மொரிஸ்கோக்களின் வெளியேற்றம் வரை)



ஸ்பெயின் என்றதும் நம் மேடைகளில் குர்துபா பள்ளிவாசலும் அல்ஹம்ரா மாளிகையுமே நினைவுகூரப்படும். கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் குன்றின்மேல் நின்று அழுத கதையுடன் பேச்சு முடிந்துவிடும். அந்த மன்னர் போன பிறகு அவருடைய குடிமக்கள் என்னவானார்கள் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மேலும் 120 ஆண்டுகள் அவர்கள் அந்த மண்ணிலேயே வாழ்ந்தார்கள். அந்த 120 ஆண்டுகளின் வரலாற்றையே இம்மலரில் சுருக்கமாக எழுத நாடுகிறோம்.

1491ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் காஸ்டைல் அரசி இஸபெல்லாவும் அவருடைய கணவர் அரகோன் அரசர் ஃபெர்டினாண்டும் கர்னாத்தா நகரத்தாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1492 ஜனவரி 2ஆம் நாள் (ஹிஜ்ரி 897) நகரம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் ஷரத்துகளைப் படிப்போர் வியப்படைவர். முஸ்லிம்கள் தங்கள் மார்க்கப்படி வாழலாம். அவர்களுடைய வழக்குகளை அவர்களுடைய காழிகளே தீர்ப்பார்கள். பள்ளிவாசல்களும் அவற்றின் வக்ஃபு சொத்துக்களும் அவர்களிடமே இருக்கும். எவரும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள். கிறிஸ்தவ மதத்திலிருந்து இஸ்லாத்திற்கு வந்தவர்களையும் அதற்காகத் துன்புறுத்துதல் கூடாது. மக்ரிபுக்குச் செல்ல விரும்புவோருக்குக் கப்பல் வசதி செய்து தரப்படும். இவை யாவும் என்றென்றைக்குமானவை என்றும், தங்கள் வழித்தோன்றல்களையும் கட்டுப்படுத்துபவை என்றும் அரசர்கள் கையொப்பமிட்டனர்.

இது வெறும் ஏமாற்று வேலை என்று நாம் அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. முதெஜர் என்ற பெயரில் முஸ்லிம்கள் கிறிஸ்தவ அரசர்களின் கீழ் வரி செலுத்தி, பல நூற்றாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தே வந்தனர். முஸ்லிம் ஆட்சியிலும் எல்லாக் காலமும் ஒரே விதமாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதீன்கள் ஆட்சியில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நெருக்கடிக்கு ஆளாயினர். யூத அறிஞர் மூஸா இப்னு மைமூனின் குடும்பம் குர்துபாவை விட்டு வெளியேறியது அக்காலத்தில்தான்.

உடன்படிக்கை சுமார் 8 ஆண்டுகள் ஓரளவு காக்கப்பட்டது. (யூதர்களுக்கு அந்த அவகாசமும் இல்லை. கர்னாத்தா விழுந்த மூன்றே மாதத்தில், 1492 மார்ச் 31ஆம் நாள், அவர்களை நாட்டை விட்டு வெளியேற்றும் ஆணை பிறந்தது.) கர்னாத்தாவின் முதல் பேராயர் தலவேரா என்பவர் மென்மையானவர். அரபு மொழியைக் கற்குமாறு பாதிரிமார்களைத் தூண்டினார். போதனையால் மட்டுமே மனங்களை மாற்ற முயன்றார். 1499இல் தொலேதோ பேராயர் சிஸ்னேரோஸ் வந்ததும் நிலைமை மாறியது. கூட்டங்கூட்டமாக முழுக்காட்டு நடந்தது. உடன்படிக்கை பெயர் சொல்லிப் பாதுகாத்திருந்த, முன்னர் இஸ்லாத்தைத் தழுவியவர்களின் குடும்பங்கள்மீதே அவர் முதலில் கை வைத்தார். அரபு நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு அவருடைய அல்கலா கல்விக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. ஓதுவதற்குரியதை எரித்து, உடம்புக்கு உதவுவதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டார்கள்!

அந்த ஆண்டின் டிசம்பரில் அல்பய்யாஸீன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போது தலவேரா ஆயுதமின்றிக் கூட்டத்திற்குள் நடந்து சென்று அமைதிப்படுத்தினார். நகரத்தின் ஆளுநர் தெண்டில்லா பிரபு தம் மனைவி மக்களையே பிணையாக அவர்களிடம் விட்டார். ஆனால் மலைப்பகுதிகளுக்குக் கிளர்ச்சி பரவியதும் அரசவை ஒரு சட்ட வாதத்தைக் கண்டுபிடித்தது: நீங்கள் ஆயுதம் எடுத்தீர்கள், ஆகவே உடன்படிக்கை செல்லாது. உடன்படிக்கையை மீறியதால்தான் மக்கள் ஆயுதம் எடுத்தார்கள் என்பது அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. சிலர் செய்த கிளர்ச்சிக்காக அனைவருடைய உரிமையும் பறிக்கப்பட்டது. 1502இல் காஸ்டைல் முழுவதிலும், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணை வந்தது. கிளர்ச்சியைக் கேள்விப்பட்டதன்றி அதில் பங்கெடுக்காத பழைய முதெஜர்களும் அதற்கு ஆளாயினர்.

அரகோன் பகுதியில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. முஸ்லிம்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் சத்தியம் செய்திருந்தார். 1524இல் போப் ஏழாம் கிளெமெண்ட் அச்சத்தியத்திலிருந்து அவரை விடுவித்தார். 1525, 1526ஆம் ஆண்டுகளில் வலன்சியாவிலும் அரகோனிலும் இஸ்லாம் சட்டப்படி இல்லாமற் போனது. அதன்பின் இம்மக்கள் அனைவரும் ஏட்டளவில் கிறிஸ்தவர்கள். மொரிஸ்கோ என்று அழைக்கப்பட்டனர். ஏட்டில் கிறிஸ்தவரானதால், தொழுதால் அது மதத் துரோகம். மதவிசாரணை மன்றத்தின் கை அவர்கள்மீது நீண்டது.

இங்கே உலமாக்களின் நிலைப்பாட்டைச் சொல்லாமல் கடந்து செல்ல இயலாது. ஃபாஸ் நகரத்தின் பெரும் முஃப்தி அல்வன்ஷரீஸீ (ரஹ்) அவர்கள், இஸ்லாமியச் சட்டம் நடைபெறாத நாட்டில் தங்குதல் கூடாது, ஹிஜ்ரத் செய்வது கடமை என்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் கப்பல் கூலிக்கு வழியில்லாத ஏழை உழவன் எங்கே போவான்? ஹிஜ்ரி 910 ரஜப் மாதம் (கி.பி. 1504) அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ என்னும் அறிஞர் அந்த மக்களுக்கு எழுதிய ஃபத்வா வேறொரு தொனியில் அமைந்தது. அவர்களை அவர் ‘அந்நியர்கள்’ என்று பரிவுடன் விளித்தார். சைகையாலேனும் தொழுங்கள், பகலில் முடியாவிட்டால் இரவில் நிறைவேற்றுங்கள், தண்ணீருக்கு வழியில்லையேல் சுவரில் கைதடவியேனும் தயம்மும் செய்யுங்கள், மதுவை வற்புறுத்திக் குடிக்க வைத்தால் உள்ளத்தால் வெறுத்துக் குடியுங்கள், சிலைக்கு முன் நிறுத்தினால் உங்கள் நிய்யத்து அல்லாஹ்வுக்கே இருக்கட்டும் என்பது அதன் சாரம். வன்ஷரீஸீ (ரஹ்) அவர்களின் சட்டத் தெளிவை நாம் மதிக்கிறோம். எனினும் அந்த இருளில் சிக்கியிருந்தவர்களின் கையைப் பிடித்தது இந்த ஃபத்வாதான். அரபு மறந்துபோன தலைமுறையினர் அதனை ஸ்பானிய மொழியில், அரபு எழுத்துக்களால் எழுதிப் பாதுகாத்தனர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழைப் போன்றதே அந்த அல்ஹமியா எழுத்து.

1567இல் இரண்டாம் பிலிப் அரசர் வெளியிட்ட ஆணை மதத்தையும் தாண்டியது. அரபு மொழி, உடை, முகத்திரை, குளியலறை, குடும்பப் பெயர் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. பிரான்சிஸ்கோ நூனெஸ் முலேய் என்னும் முதிய மொரிஸ்கோ பெரியவர் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். உடையும் மொழியும் மதமாகா. கீழை நாடுகளில் கிறிஸ்தவர்களே அரபு பேசுகிறார்கள் என்று எடுத்துரைத்தார். விண்ணப்பம் பயனளிக்கவில்லை. 1568 டிசம்பரில் மீண்டும் போர் மூண்டது. கிளர்ச்சியாளர்களும் பாதிரிமார்களையும் கிறிஸ்தவக் கிராமத்தாரையும் கொன்றனர். அரசப் படைகள் ஊர் ஊராக அழித்தன. 1571இல் போர் முடிவதற்குள்ளாகவே கர்னாத்தாவின் மொரிஸ்கோக்கள் சுமார் 80,000 பேர் காஸ்டைல் எங்கும் சிதறடிக்கப்பட்டனர்.

இறுதி ஆணை மூன்றாம் பிலிப் அரசருடையது. 1609 ஏப்ரல் 9ஆம் நாள் முடிவெடுக்கப்பட்டது. டச்சுக்காரர்களிடம் பணிந்து 12 ஆண்டுப் போர் நிறுத்தத்தில் ஸ்பெயின் ஒப்பமிட்டதும் அதே நாள்தான். வெளியே பட்ட அவமானத்தை உள்நாட்டில் பக்திச் செயலாக ஈடுகட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர்; நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. செப்டம்பர் 22இல் வலன்சியாவில் ஆணை பறைசாற்றப்பட்டது. கரும்பாலை, நெல் விளைச்சல், வாய்க்கால் பாசனம் ஆகியவற்றை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதற்காக நூற்றுக்கு ஆறு குடும்பங்கள் தங்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது! 1614க்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். வலன்சியா தன் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது.

வெளியேற்றப்பட்டவர்கள் அனைவரும் முழுக்குப் பெற்றவர்கள். அவர்களுள் உளமார்ந்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். மதம் மாறினால் தங்கலாம் என்று பாட்டனாருக்குக் கொடுத்த வாக்கும் இவ்விதமாகப் பேரனிடம் மீறப்பட்டது. இதனைக் கண்டித்தவர்களும் அந்நாட்டில் உண்டு. பெத்ரோ தெ வலன்சியா என்ற கிறிஸ்தவ அறிஞர், வெளியேற்றம் நீதிக்கு முரணானது என்று முன்கூட்டியே நூல் எழுதினார். செர்வாண்டிஸ் தம் ‘டான் குயிக்ஸாட்’ இரண்டாம் பாகத்தில் (1615) ரிகோத்தே என்னும் மொரிஸ்கோ அகதியைப் பரிவுடன் படைத்தார்.

இதே அரச குலம் 1580 முதல் 1640 வரை போர்த்துகல்லின் முடியையும் தரித்திருந்தது. ஆகவே அதன் நிழல் நம் கடற்கரைவரை நீண்டது. 1626இல் இலங்கையில் போர்த்துகீசியர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களை ஏற்றுக் கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத்.

மொரிஸ்கோக்களில் பெரும்பாலோர் மக்ரிபில் கரையேறினர். வழியில் கொள்ளையிடப்பட்டோரும் உண்டு. துனிஸின் ஆட்சியாளர் உஸ்மான் தாய் அவர்களை வரவேற்று நிலம் கொடுத்தார். தஸ்தூர் என்ற ஊரை அவர்களே எழுப்பினர். துனிஸின் சிவப்புத் தொப்பித் தொழிலையும் அவர்களே வளர்த்தனர்.

2015இல் ஸ்பெயின் நாடாளுமன்றம், அன்று வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததிகளுக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. மொரிஸ்கோக்களின் சந்ததிகள் அதில் சேர்க்கப்படவில்லை. அதற்கு முன்பே, 1884இல், அரகோனின் அல்மொனாஸித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியிலிருந்து கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்தன. துஆக்கள், ஃபிக்ஹுச் சட்டங்கள், நபிமார்களின் வரலாறுகள் எனப் பலவும் அந்த அல்ஹமியா எழுத்தில் இருந்தன. யாரேனும் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் போலும், அவற்றைத் துணியில் சுற்றி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள்.