ஆட்சி மாற்றமும் உபகாரச் சம்பளமும்

ராஜ்யங்கள் கைமாறும்போது மகுடத்தை இழந்தவர் யார், அதைச் சூடிக்கொண்டவர் யார் என்பதையெல்லாம் சரித்திரம் விஸ்தாரமாக எழுதிவைக்கிறது. அந்த மகுடத்தின் நிழலில் கணக்கெழுதியும் தீர்வை வசூலித்தும் ஜீவனம் நடத்திவந்த உத்தியோகஸ்தர்களின் கதி என்னவாயிற்று என்பதை அது பெரும்பாலும் எழுதுவதில்லை. 1799-ஆம் ஆண்டில் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குப் போனபோது, சரபோஜி மன்னருக்கு வருஷந்தோறும் ஒரு லட்சம் வராகனும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உரியவை என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டதை அறிந்தவர் பலர். அவருடைய கச்சேரிகளில் இருந்தவர்களின் பங்கைப் பற்றி விசாரித்தவர் மிகச் சிலரே. ஆட்சி மாறியதன் காரணமாகப் பதவியை விட்டு விலகும் ஊழியனுக்கு, அவன் பூர்த்தி செய்யாத சேவைக் காலத்தையும் மனத்திற்கொண்டு உபகாரச் சம்பளமும் நஷ்டஈடும் அளிப்பது என்ற ஏற்பாடு, ஒழுங்கான விதிகளோடு இந்நாட்டில் தலையெடுத்தது 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பிற்பாடுதான். அதை வேண்டிப் பெற்றவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம்.

அந்தச் சீர்திருத்தங்களின் விளைவாக மாகாணங்களில் இரட்டையாட்சி ஏற்பட்டது. கல்வி, சுகாதாரம் முதலிய இலாகாக்கள் சட்டசபைக்குப் பொறுப்புள்ள இந்திய மந்திரிகளிடம் வந்தன. ஜில்லாவில் தனியரசு செலுத்திப் பழகிய ஒரு துரை, நேற்று வரையில் தமது பங்களா வாசலில் காத்திருந்த ஒரு வக்கீலின் கையெழுத்துக்கு இன்று தாம் காத்திருக்க நேர்ந்ததைச் சகிப்பது எளிதன்று. போதாக்குறைக்கு, மகாயுத்தத்தால் விலைவாசிகள் ஏறிச் சம்பளத்தின் மதிப்புக் குறைந்திருந்தது. ஒத்துழையாமை இயக்கம் வேறு ஊரெங்கும் பரவியிருந்தது. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி அதிகாரிகள் லண்டனுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். அப்போது இந்தியா மந்திரியாக இருந்த மாண்டேகு, 1921-ஆம் ஆண்டின் இறுதியில், அகில இந்திய சர்வீஸ்களைச் சேர்ந்த ஐரோப்பிய அதிகாரிகள் விரும்பினால் காலத்துக்கு முன்பே விலகிக்கொண்டு, சேவை செய்த ஆண்டுகளின் விகிதப்படி உபகாரச் சம்பளம் பெறலாம் என்று அனுமதித்தார்.

இந்தச் சலுகையின் அருமையை உணரவேண்டுமானால் ஐ.சி.எஸ். என்னும் இந்திய சிவில் சர்வீஸின் பென்ஷன் விசித்திரத்தை அறிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு சர்வீஸில் இருந்து, அவற்றுள் இருபத்தோராண்டு நேரடியாக வேலை பார்த்தவர், சாதாரண ஜில்லா கலெக்டராக ஓய்வு பெற்றாலும் சரி, தலைமைக் காரியதரிசியாக ஓய்வு பெற்றாலும் சரி, இருவருக்கும் வருஷம் ஆயிரம் பவுன் என்ற ஒரே தொகைதான். உயர்ந்தவருக்கும் தாழ்ந்தவருக்கும் முதுமையில் பேதம் வேண்டாம் என்று எண்ணிய அந்த ஏற்பாட்டில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு முடியும்வரையில் அது ஒரு தளையாகவும் இருந்தது. மாண்டேகுவின் உத்தரவு அந்தத் தளையை அறுத்துவிட்டது. 1924-க்குள் 300-க்கு மேற்பட்ட அதிகாரிகள் விலகிப் போனார்கள். அவர்கள் அத்தனை பேரையும் சீர்திருத்தமே துரத்தியது என்று நம்புவதற்கில்லை. முன்பே சலித்திருந்தவர்களும், குழந்தைகளைச் சீமையில் படிக்கவைத்துவிட்டுத் தனிமையில் வாடியவர்களும், கௌரவமான ஒரு சாக்கு அகப்பட்டதென்று புறப்பட்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

போனவர்களின் எண்ணிக்கை லண்டனைக் கலக்கியது. 1922 ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி லாய்ட் ஜார்ஜ் இந்திய சிவில் சர்வீஸை மொத்தக் கட்டடத்தையும் தாங்கும் எஃகுச் சட்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசியது, அந்தக் கலக்கத்தின் விளைவுதான். அடுத்த ஆண்டு லீ பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. 1924-இல் வெளிவந்த அதன் அறிக்கை, பதினைந்து ஆண்டுகளில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்களில் பாதிப்பேர் இந்தியராக இருக்கவேண்டும் என்றது. அதே மூச்சில், ஐரோப்பிய அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் சர்வீஸ் காலத்தில் நான்கு தடவை தாயகம் போய்வரக் கப்பல் செலவு தரவேண்டும் என்றும் சிபாரிசு செய்தது.

இந்தப் பழைய கதை 1946-ஆம் ஆண்டில் வேறு உருவத்தோடு மீண்டும் எழுந்தது. யுத்தம் முடிந்திருந்தது, ஆங்கிலேய இளைஞர்களை ஐ.சி.எஸ்.ஸில் சேர்ப்பது 1943-ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. 1946 செப்டம்பர் 2-ஆம் தேதி இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. வல்லபபாய் படேல் உள்நாட்டு மந்திரியானார். இந்தியா மந்திரியின் கையொப்பத்தோடு நியமனம் பெற்றிருந்த அதிகாரிகளுக்கு, அந்த மந்திரி பதவியே மறையப்போகும் தறுவாயில், யார் பொறுப்பாளி என்ற கேள்வி பிறந்தது. ஐரோப்பியர், இந்தியர் என்ற வேற்றுமையில்லாமல் எல்லோருக்கும் நஷ்டஈடு தருவதே நியாயம் என்பது லண்டன் கட்சி. படேல் அதை ஏற்கவில்லை. தன் நாட்டுக்கு, தன் நாட்டாரின் ஆட்சியில், அதே சம்பளத்தில், முன்னினும் பெரிய பொறுப்போடு ஊழியம் செய்யப்போகிற இந்திய அதிகாரிக்கு நஷ்டம் எங்கே வந்தது, நஷ்டம் இல்லாதபோது ஈடு எதற்கு என்பது அவருடைய வாதம். வாதத்துக்குப் பின்னால் ஒரு ராஜதந்திரமும் இருந்தது. அனுபவம் மிகுந்த இந்திய அதிகாரிகளின் கையில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வாசற்கதவையும் திறந்து வைத்தால், புதிய அரசு பிறந்த அன்றே ஆளின்றித் தவிக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நீண்ட பேச்சுக்குப் பின், 1947 ஏப்ரல் 30-ஆம் தேதி, காமன்ஸ் சபையில் பிரதம மந்திரி அட்லீயும் டில்லியில் வைசிராய் மவுண்ட்பேட்டனும் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு நஷ்டஈடு உண்டு. அந்தச் செலவைப் பிரிட்டிஷ் சர்க்காரே ஏற்கும். வயதையும் சேவைக் காலத்தையும் கணக்கிட்டுத் தொகைகளுக்கு ஒரு பட்டியல் வகுத்தார்கள். அதில் மிகுதியாகப் பெற்றவர்கள் நடுவயதினர். இளைஞன் வேறு தொழில் தேடிக்கொள்ளலாம், முதியவர் எப்படியும் ஓய்வு பெறவேண்டியவரே. நாற்பதைத் தொட்டு நிற்பவருக்கோ புதுத்தொழில் கற்க வயது கடந்துவிட்டது, ஓய்வுக்கு வயது வரவில்லை. கணக்கர்கள் வகுத்த பட்டியலில் இவ்வளவு மனிதத்தன்மை தென்படுவது அபூர்வம்.

இந்திய அதிகாரிகளுக்கு மூன்று வாசல்கள் மாத்திரம் திறந்திருந்தன. புதிய சர்க்கார் ஒருவரைத் தொடர்ந்து ஊழியம் செய்ய அழைக்காவிட்டால் அவருக்கு நஷ்டஈடு உண்டு. பழைய ஆட்சியில் தம் கடமையைச் செய்ததாலேயே தம் எதிர்காலம் கெட்டது என்றோ, மாறிய சூழ்நிலையில் தமக்கு அளிக்கும் பதவி தகுதியானதன்று என்றோ கவர்னர்-ஜெனரலுக்கு மெய்ப்பிப்பவருக்கும் உண்டு. தாம் இருக்கும் மாகாணத்தில் தம் எதிர்காலத்தைக் குறித்து அஞ்ச நியாயமான காரணம் உண்டென்றும், வேறிடத்துக்கு மாற்ற வழியில்லையென்றும் காட்டுபவருக்கும் உண்டு. இரண்டாவது வாசலைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1942-இல் தேசத்தொண்டர்களைச் சிறைக்கு அனுப்பிய ஒரு கலெக்டர், அவ்வாறு அனுப்பியதையே சான்றாகக் காட்டி, அவர்களுடைய சர்க்காரின்கீழ் எனக்கு வாழ்வில்லை என்று மனுச்செய்ய அது இடம் கொடுத்தது. உள்ளே தொடர்ந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. நேற்றைய கைதிகளான மந்திரிகள் பழைய பகையைப் பெரும்பாலும் பாராட்டவில்லை.

அப்போது ஐ.சி.எஸ்.ஸில் இருந்தவர்கள் 980 பேர்; அவர்களில் ஐரோப்பியர் 468. இவர்களுள் பெரும்பாலோர் ஆகஸ்டு 15-ஆம் தேதியை ஒட்டிக் கப்பலேறினார்கள். 1928-இல் சர்வீஸில் சேர்ந்து, நாற்பதைச் சற்றே கடந்த வயதில் விலகிப்போன பிலிப் மேஸன், பிலிப் வுட்ரஃப் என்ற புனைபெயரில் தம் சர்வீஸின் சரித்திரத்தையே இரண்டு பாகங்களாக எழுதிப் புகழ்பெற்றார்.

இவ்வளவு நுணுக்கமான விதிகளெல்லாம் உச்சியிலிருந்த சில நூறு பேருக்குத்தான். அதே கோடையில் டில்லிக் காரியாலயங்களில் குமாஸ்தா முதல் சேவகன் வரையில் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம் வந்தது: இந்தியாவா, பாகிஸ்தானா? முடிவாகச் சொல்லலாம், தற்காலிகமாகச் சொல்லி ஆறு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். சம்பள நிபந்தனைகள் குறையா என்ற உறுதி கிடைத்தது. ஆனால் இரண்டு தேசத்தையும் விட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், அதற்கு ஒரு ஈடு கொடுங்கள் என்று கேட்கும் உரிமை அந்தப் படிவத்தில் இல்லை. கராச்சிக்கு ஊழியர்களை ஏற்றிச்சென்ற விசேஷ ரயில்களுள் ஒன்று ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. துரைமாரின் கப்பல் பயணத்துக்கும் குமாஸ்தாவின் ரயில் பயணத்துக்கும் இருந்த தூரம் அது. நஷ்டஈடு என்பது இழப்பின் அளவைப் பார்த்து வருவதன்று, இழந்தவனுடைய பேரம் பேசும் வலிமையைப் பார்த்து வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நஷ்டஈட்டைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டதே தவிர, பென்ஷன் சுமை நம் தலையில்தான் விழுந்தது. 1948 ஜூலையில், கோயம்புத்தூர்க்காரரான நிதி மந்திரி ஆர்.கே. சண்முகம் செட்டியார் லண்டனில் செய்த ஒப்பந்தத்தில், நமக்குச் சேரவேண்டிய ஸ்டெர்லிங் பாக்கியிலிருந்து மத்திய சர்க்காரின் கணக்கில் 14 கோடியே 75 லட்சம் பவுனும், மாகாணங்களின் கணக்கில் 2 கோடியே 5 லட்சம் பவுனும் பென்ஷன்களுக்காகவே பிரிட்டனிடம் ஒதுக்கப்பட்டன. யுத்தத்துக்கு நாம் அளித்த சரக்குகளால் சேர்ந்த பாக்கி அது.

உள்நாட்டில் தங்கிவிட்ட அதிகாரிகளுக்கு அளித்த வாக்குறுதி அரசியல் நிர்ணய சபையில் சோதனைக்கு உள்ளாயிற்று. அவர்களுடைய சம்பளம், விடுமுறை, பென்ஷன் உரிமைகளை அரசியல் சட்டத்திலேயே உறுதி செய்யும் ஷரத்து 1949 அக்டோபரில் விவாதத்துக்கு வந்தபோது, அனந்தசயனம் அய்யங்கார் முதலியோர் ஆட்சேபித்தனர். சாதாரண மனிதனுக்கு இல்லாத உத்தரவாதம் இவர்களுக்கு எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. படேல் சினத்தோடு பதில் சொன்னார்: கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், திறமையுள்ள அகில இந்திய சர்வீஸ் இல்லாவிட்டால் தேசத்தின் ஐக்கியமே நிலைக்காது. 314-ஆவது ஷரத்து நிறைவேறியது. படேலின் வாக்கு அவருக்குப் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1972-இல் இருபத்தெட்டாவது திருத்தம் அந்த ஷரத்தை நீக்கியது. அந்த ஷரத்து காத்துவந்த ஆயிரம் பவுன் பென்ஷனை ரூபாயாக்கினால் அக்காலத்து நாணய விகிதப்படி வருஷத்துக்கு 13,333 ரூபாய் சொச்சம். 1920-இல் அது ஒரு செல்வம், 1970-இல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் செலவு.

இலங்கையில் கதை இன்னும் கூர்மையானது. அங்கும் சுதந்திரத்தின்போது பழைய அதிகாரிகள் பென்ஷனோடு விலகும் உரிமையை சோல்பரி அரசியலமைப்பே காத்தது. 1956-இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியான பின், அதே கச்சேரிகளில் ஆங்கிலத்தில் வேலை பார்த்துவந்த தமிழ் எழுதுவினைஞர்கள் பலர், நடுவயதில் புதுமொழி கற்றுப் பரீட்சை எழுதுவதைவிட ஓய்வூதியமே மேல் என்று விலகி யாழ்ப்பாணம் திரும்பினார்கள். அத்தகைய தமிழ் எழுதுவினைஞர்களுள் ஒருவரான, 1952-இல் சேவையில் சேர்ந்த கோடீஸ்வரன் என்பவர் விலகவில்லை. பரீட்சைக்கும் போகவில்லை. 1962-இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டபோது, மொழிச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்று கொழும்பில் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 1964-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியன் சம்பளத்துக்காக முடியரசின்மீது வழக்காடவே முடியாதென்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்காடலாம் என்று 1969 டிசம்பர் 11-ஆம் தேதி லண்டனில் பிரிவி கவுன்சில் கூறி, மொழிச் சட்டத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் முறை இலங்கையில் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் முடிவான விடை சொல்லவில்லை.