பிழைச் செய்திகளின் காலவரிசை: வலையமைப்புவழிப் பூட் முறையின் வரலாறும் மன்னார்க் கிளை அலுவலகமும்

மன்னார் நகரில் ஒரு நிறுவனக் கிளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமைச் சேவையகம் கொழும்பில் இருக்கிறது. புதிதாக வந்த கணினியில் பணிசெயல் முறைமை ஏற்ற வேண்டும். வலையமைப்பு வழியாகப் பூட் செய்யச் சொன்னதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது: பி.எக்ஸ்.இ.-இ53, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. தொழில்நுட்பவியலாளர் முதலில் கணினியைச் சந்தேகிக்கிறார். பிறகு கேபிளை மாற்றிப் பார்க்கிறார். இரண்டிலும் பழுதில்லை. தனக்கு முகவரி வந்துவிட்டது, கோப்பின் பெயர்தான் வரவில்லை என்று கணினி தெளிவாகவே சொல்கிறது. அப்படி இரண்டையும் பிரித்துச் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தது 1985இல் வகுக்கப்பட்ட ஒரு பொதி அமைப்பு.

இத்துறையின் பிழைகளை வன்பொருள், மென்பொருள் என்று வகுப்பதைவிட, அவற்றைப் பிறப்பித்த விதி எந்த ஆண்டுக்குரியது என்று வகுப்பதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம். மன்னாரை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. தலைமை அலுவலகத்தில் சேவையகம் அடுத்த அறையில் இருப்பதால் பழைய விதிகளின் குறைகள் வெளியே தெரிவதில்லை. தாம்போதி கடந்து மன்னார்த் தீவுக்குள் வரும் நீண்ட இணைப்பின் கடைசி முனையில் அவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

1980களின் தொடக்கத்தில் வன்தட்டு விலையுயர்ந்த பொருள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சூழலில் பிறந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வன்தட்டு இல்லாத பணிநிலையங்களையும் விற்றது. அவை விழித்தெழும்போது தம் பெயரோ முகவரியோ அறியாதவை. 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபின்லேசன் முதலியோர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 903 என்ற இணைய விதி ஆவணம், வலையட்டையின் எண்ணைக் கொண்டு முகவரி கேட்கும் வழியை வகுத்தது. ஆனால் அந்த அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. வலையமைப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சேவையகம் தேவைப்பட்டது.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பில் குரோஃப்ட், ஜோன் கில்மோர் இருவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 951தான் இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம். பூட்பி என்ற அந்த நெறிமுறை, கணினியின் முகவரி, சேவையகத்தின் முகவரி, கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே பதிலில் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, இடையிலுள்ள நுழைவாயில் அந்த அழைப்பை வாங்கி வேறு வலையமைப்புக்குக் கைமாற்றுவதற்கென ஒரு புலத்தையும் ஒதுக்கியது. மன்னாரில் எழும் அழைப்பு கொழும்பைச் சென்றடையலாம் என்ற ஏற்பாடு அங்கேதான் உருவாகிறது. 1993இல் வந்து 1997இல் திருத்தப்பட்ட ரால்ஃப் டிரோம்ஸின் டி.எச்.சி.பி., அதே பொதி அமைப்பின் மேல்தான் எழுந்தது. இன்றும் கிளை அலுவலகங்களில் அடிக்கடி காணும் பிழை, ரவுட்டரில் இந்தக் கைமாற்று முகவரியை எழுத மறப்பதுதான். அப்போது வருவது இ51: எவரும் பதில் தரவில்லை.

இ53 இதற்கு அடுத்த தலைமுறைப் பிழை. இன்டெல் 1999 செப்டெம்பரில் வெளியிட்ட பிக்சி (பி.எக்ஸ்.இ.) 2.1 விதித்தொகுப்பு, முகவரி கொடுப்பவரும் கோப்பின் பெயர் சொல்பவரும் வேறுவேறு சேவையகங்களாக இருக்க இடமளித்தது. ரவுட்டர் அழைப்பை முதலாமவருக்கு மட்டும் அனுப்பினால் முகவரி வரும், பெயர் வராது. பலர் உடனே செய்வது, டி.எச்.சி.பி.யின் 66ஆம் 67ஆம் விருப்பங்களில் சேவையகத்தையும் கோப்பையும் நிலையாக எழுதிவிடுவது. என் பார்வையில் அது சோம்பல் தீர்வு. பயாஸ் கணினிக்கும் யூ.இ.எஃப்.ஐ. கணினிக்கும் வேறுவேறு கோப்புகள் தேவை. கணினி தன் வகையைத் தானே அறிவிக்கும் 93ஆம் விருப்பம் 2006இல் ஆர்.எஃப்.சி. 4578இல் ஆவணப்படுத்தப்பட்டது. நிலையாக எழுதிய ஒற்றைப் பெயர் அந்த அறிவிப்பைப் பொருளற்றதாக்கிவிடும்; பழைய கணினிகள் இயங்கும், புதியவை நின்றுவிடும். இரண்டு சேவையகங்களுக்கும் ரவுட்டர் வழியே அழைப்பை அனுப்புவதே சரி.

மன்னாருக்கு மிகவும் உறைக்கும் பகுதி கோப்பு வந்துசேரும் முறை. கோப்பைக் கொண்டுவரும் டி.எஃப்.டி.பி., 1981இல் கேரன் சொலின்ஸ் விவரித்த நெறிமுறை; 1992இல் திருத்தப்பட்டது. வன்பொருளுக்குள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதால், 512 பைட்டுகளை அனுப்பிவிட்டு, வந்துசேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருந்து, பிறகே அடுத்த 512ஐ அனுப்பும். விண்டோஸின் ஏற்றுச் சூழலான வின்பிஇ சுமார் 300 மெகாபைட் என்று கொண்டால் 6,14,400 துண்டுகள். கொழும்புக்குப் போய்வர 20 மில்லிசெக்கன் என எடுத்தால், காத்திருப்பு மட்டுமே 12,288 செக்கன், ஏறத்தாழ 3 மணி 25 நிமிடம். இணைப்பின் அகலத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. நேரத்தைத் தின்பது தூரம். அதிகப் பணம் கட்டி வேகமான இணைப்பு வாங்கிய பிறகும் மெதுவாகவே வருகிறது என்று முறையிடுவோருக்கு விடை இதுதான். 1995இல் துண்டின் அளவைக் கூட்ட வழி வந்தது: 1456 பைட்டாக்கினால் சுமார் 72 நிமிடம். பதிலுக்கு முன் பல துண்டுகளைத் தொடர்ந்து அனுப்பும் ஆர்.எஃப்.சி. 7440 வர 2015 ஆயிற்று. கிளையிலேயே சிறியதொரு விநியோகச் சேவையகம் வைப்பதே நடைமுறைத் தீர்வு. இன்னும் எளிய வழி பென் டிரைவ். பல இடங்களில் நடப்பதும் அதுதான்.

கோப்பு வந்து வின்பிஇ திறந்த பிறகும் ஒரு பொறி உண்டு. 1914 முதல் 1964 வரை கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரே பயணச்சீட்டில் போக முடிந்தது. ஆனால் தலைமன்னார் துறையில் ரயிலை விட்டுக் கப்பலேற வேண்டியிருந்தது, தனுஷ்கோடியில் வேறு ரயில். ரயில் நேரத்துக்கு வந்தது கப்பல் ஓடும் என்பதற்கு உறுதியல்ல. பூட் முறையும் அத்தகைய கைமாற்றுதான். வின்பிஇ எழுந்ததும் வன்பொருளிலிருந்த வலைக் குறிமுறை விலகிவிடுகிறது; வின்பிஇக்குத் தனக்கான வலையட்டை டிரைவர் வேண்டும். அது இல்லாவிட்டால், அதே கேபிளில் 300 மெகாபைட்டை இறக்கிய கணினி தனக்கு வலையமைப்பே இல்லை என்கிறது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து முகவரி இருக்கிறதா என்று பார்த்தால் அரைமணி நேர ஊகம் மிச்சமாகும்.

மைக்ரோசாஃப்டின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதற்கு முன்பே, நியூசிலாந்தில் 1995இல் தோன்றிய கோஸ்ட் என்ற வேறொரு நிறுவன மென்பொருள் வன்தட்டை அப்படியே பிரதியெடுத்தது. விண்டோஸ் 2000 உடன் தொலைநிறுவல் சேவை வந்தது. விஸ்டா காலத்தில் கோப்பு அடிப்படையிலான இமேஜும் அதற்குரிய புதிய சேவையும் அதை ஒதுக்கின.

சில பிழைகளுக்கு நெறிமுறை காரணமே அல்ல. சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ, இணைப்பு எழுந்ததும் 30 செக்கன் எதையும் கடத்தாது. பொறுமையற்ற கணினி அதற்குள் கைவிட்டுவிடும். கடற்காற்றின் உப்பு படிந்த வலைத்துளையில், கேபிளைச் சோதிக்கச் சொல்லும் இ61 வருவது தீவில் வியப்பல்ல. 2022 மார்ச் இறுதியில் இலங்கையெங்கும் 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, இமேஜ் பாதியில் நின்றால் மீண்டும் முதலிலிருந்துதான் என்பதை எந்த விதித்தொகுப்பும் கணக்கிலெடுத்திருக்கவில்லை.

2017இல் அறிமுகமான ஆட்டோபைலட், இமேஜே வேண்டாம், கணினி வந்தபடியே மேகத்திலிருந்து அமைப்புகளைப் பெறட்டும் என்றது. வன்தட்டு வெறுமையாக இருந்தால் அதனால் பயனில்லை. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் புதுப்பிப்பு சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, மைக்ரோசாஃப்ட் தன் மீட்புக் கருவியில் சில நாட்களில் பிக்சி வழியையும் சேர்த்தது. பிட்லாக்கர் பூட்டிய கணினிகளுக்கு மீட்புச் சாவியும் தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஜனவரியில், யூ.இ.எஃப்.ஐ. வலைக் குறிமுறையில் பிக்சிஃபெயில் என்ற பெயரில் ஒன்பது பாதுகாப்புக் குறைகள் வெளியாயின. பதில் சொல்பவர் யார் என்று கேட்காத 1985இன் வெள்ளந்தித்தனத்துக்குச் செக்யூர் பூட் கொடுத்த மறுமொழி, கையொப்பமிட்ட கோப்பை மட்டும் ஓடவிடுவது. அதற்குரிய 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகும்படி அமைந்தவை. அவற்றின் இடத்துக்கு வருபவை 2023இன் சான்றிதழ்கள். புதியவை பதியப்படாத கணினி புதிய பூட் கோப்பை ஏற்காது. பழையதை விலக்கிய கணினி பழைய கோப்பை ஏற்காது. கிளையின் சேவையகத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது, எந்தெந்தக் கணினியில் எந்தச் சான்றிதழ் பதிந்திருக்கிறது என்ற பட்டியலைக் கோப்பை மாற்றும் முன்பே எடுத்து வைக்க வேண்டும்.