நிசான் நெருக்கடியும் மலிவு விலைக் காரும்

ஜப்பானின் யோகோஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிசான் மோட்டார் நிறுவனம் 2024-25 நிதியாண்டில் 67,090 கோடி யென் நிகர நட்டம் கண்டது. மொத்தம் 20,000 வேலைகளைக் குறைக்கப்போவதாகவும், 17 வாகன ஆலைகளை 2027-28 நிதியாண்டுக்குள் பத்தாகச் சுருக்கப்போவதாகவும் 2025 மே மாதம் அது அறிவித்தது. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய புதுக் காரை உலகின் பல நாடுகளுக்கு அரை நூற்றாண்டாகக் கொடுத்துவந்த தொழில் ஜப்பானியக் கார்த் தொழில். அதன் நிறுவனங்களில் ஒன்று தள்ளாடும்போது விலைப்பட்டியலின் அடியில் இருக்கும் வண்டிகளே முதலில் காணாமல் போகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதற்கு நிசானைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

பின்னணி

யோஷிசுகே அயுகாவா 1933இல் தொடங்கிய இந்நிறுவனத்துக்குச் சிறிய கார்தான் அடித்தளம். டாட்சன் என்ற பெயரில் வந்த சிறு வண்டிகளே அதன் முதல் அடையாளம். 1966இல் நிசான் சன்னியும் டொயோட்டா கொரோலாவும் ஒரே ஆண்டில் விற்பனைக்கு வந்தன. சம்பளக்காரர் வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்கும் காலம் ஜப்பானில் அப்போதுதான் தொடங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் இந்த வண்டிகளை அமெரிக்கரும் தேடி வாங்கினர். அமெரிக்காவின் ஸ்மிர்னாவில் 1983இலும் பிரிட்டனின் சண்டர்லாந்தில் 1986இலும் நிசான் ஆலைகள் ஓடத் தொடங்கின.

1990களின் முடிவில் ஏறத்தாழ 2 லட்சம் கோடி யென் கடனில் நிறுவனம் சிக்கியது. பிரான்ஸின் ரெனால்ட் 1999இல் 36.8 விழுக்காடு பங்கை வாங்கி, கார்லோஸ் கோனை அனுப்பியது. முராயாமா ஆலை உட்பட ஐந்து ஆலைகளை மூடவும் 21,000 வேலைகளைக் குறைக்கவும் அவர் திட்டமிட்டார். சில ஆண்டுகளிலேயே நிசான் லாபத்துக்குத் திரும்பியது. வணிகப் பள்ளிகள் இன்றும் பாடமாக நடத்தும் மீட்சி அது. அடுத்த நெருக்கடிக்கான விதையும் அந்த வெற்றியின் தெம்பில்தான் போடப்பட்டது.

எண்ணிக்கையைத் துரத்தியது

2011இல் அறிவிக்கப்பட்ட ‘பவர் 88’ திட்டத்தின்படி, உலகச் சந்தையில் 8 விழுக்காட்டுப் பங்கையும் விற்பனையில் 8 விழுக்காட்டு லாபத்தையும் 2016-17க்குள் எட்டவேண்டும். இரண்டும் கைகூடவில்லை. ஆனால் அந்த இலக்குக்காகப் பல நாடுகளில் ஆலைத்திறன் பெருக்கப்பட்டது. சிறிய காரில் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். தகடு அழுத்தும் கூடத்துக்கும் பெயின்ட் கூடத்துக்கும் ஆகும் முதலீடோ, ஆலை முழுத்திறனில் ஓடினாலும் பாதித்திறனில் ஓடினாலும் ஒன்றுதான். ஆகவே ஆலை காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக வண்டியைத் தயாரிப்பதும், தயாரித்ததைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவதும் வாடிக்கையாயிற்று. அமெரிக்காவில் டீலர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தும், வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்றும் எண்ணிக்கை காட்டப்பட்டது. இதனால் பழைய நிசானின் மறுவிற்பனை விலை சரிந்தது. மறுவிற்பனை சரிந்த காரை லீஸுக்கு எடுப்பவர் மாதந்தோறும் அதிகம் கட்டவேண்டும். அன்று மலிவாக விற்ற வண்டி வாங்கியவருக்குப் பிற்பாடு மலிவாக இருக்கவில்லை.

2018 நவம்பரில் கோன் கைதானதும், மறு ஆண்டு இறுதியில் ஜப்பானிலிருந்து தப்பி லெபனான் சென்றதும் பரபரப்பான கதை. நெருக்கடிக்கு அதையே காரணமாகச் சொல்வோர் உண்டு. உயர்மட்டக் குழப்பம் முடிவுகளைத் தாமதப்படுத்தியது என்பது உண்மையே. மிகையான ஆலைத்திறன் அதற்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. 2017-18இல் சுமார் 57.7 லட்சம் வண்டிகள் விற்ற நிசான், 2024-25இல் சுமார் 33.5 லட்சமே விற்றது. சீனாவில் மட்டும் 2018இல் 15 லட்சத்தைத் தாண்டியிருந்த ஆண்டு விற்பனை 2024இல் 7 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அங்கு உள்நாட்டு மின்கார்கள் விலையிலும் வசதியிலும் முந்திவிட்டன. அமெரிக்கரோ ஹைபிரிட் கார்களின் பக்கம் திரும்பினர். 2010இலேயே லீஃப் மின்காரைக் கொண்டுவந்த நிறுவனத்திடம் அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் விற்க ஒரு ஹைபிரிட் கூட இல்லை.

டாட்சனும் ஒரகடமும்

மலிவு விலைக் காரை நிசான் நேரடியாகச் சோதித்துப் பார்த்த இடம் சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடம். ரெனால்டுடன் கூட்டாக அங்கே அமைத்த ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மைக்ரா கார் இங்கே தயாராகி ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. 1980களில் கைவிடப்பட்ட டாட்சன் என்ற பெயர், முதன்முறை கார் வாங்குவோருக்கான தனி பிராண்டாக 2013இல் புதுடெல்லியில் மீண்டும் அறிமுகமானது. முதல் வண்டியான ‘கோ’, 2014இல் 4 லட்சம் ரூபாய்க்குள் விற்பனைக்கு வந்தது. 2016இல் அதைவிடச் சிறிய ‘ரெடி-கோ’ சேர்ந்தது.

அதே 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் ‘கோ’ ஒரு நட்சத்திரம் கூடப் பெறவில்லை. காரின் கூடு நிலைகுலைந்துவிடுவதால் ஏர்பேக் பொருத்தினாலும் பயன் இராது என்று சோதித்தவர்கள் கூறினர். அந்தக் காரைத் திரும்பப் பெறும்படி அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி கோனுக்குக் கடிதமே எழுதினார். பிந்தைய வடிவங்களில் ஏர்பேக்குகள் வந்தன. பெயர் மட்டும் மீளவில்லை. ‘ஏழைக்கென்று செய்த கார்’ என்ற முத்திரையோடு வரும் வண்டியை இந்திய வாடிக்கையாளர் விரும்புவதில்லை என்பதை டாடா நானோ ஏற்கெனவே காட்டியிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்ததும் அடிவிலை மேலும் ஏறியது. 2022இல் டாட்சன் மறுபடியும் முடிவுக்கு வந்தது.

மெக்சிகோவில் நிசான் விற்ற சுரு கார், பாதுகாப்பில் பின்தங்கிய மலிவு வண்டிக்கு மூத்த உதாரணம். 1990களின் தொடக்கத்து சன்னி வடிவமைப்பையே கால்நூற்றாண்டு மாற்றாமல் தயாரித்து, டாக்சிக்காரர்களின் வண்டியாக அது கோலோச்சியது. கருவிச்செலவு என்றோ திரும்பிவிட்டதால் விலை குறைவு. 2016இல் அமெரிக்காவில் ஒரு சுருவையும் நிசானின் புதிய வெர்சா கார் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். சுருவின் ஓட்டுநர் இருக்கையில் இருந்த பொம்மை பிழைக்க வழியில்லாதபடி நசுங்கியது. மறு ஆண்டு உற்பத்தி நின்றது. பாதுகாப்பு விதிகள் மலிவுக் காரைக் கொன்றன என்று புலம்புவோர் அந்தச் சோதனைக் காணொளியை ஒருமுறை பார்க்கலாம்.

மறுசீரமைப்பில் போனவை

2024 டிசம்பரில் ஹோண்டாவுடன் இணைவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் நிசான் கையெழுத்திட்டது. கூட்டாளியாக அல்லாமல் துணை நிறுவனமாக வரும்படி ஹோண்டா கேட்டதும் பேச்சு முறிந்தது. 2025 பிப்ரவரியில் அது முறைப்படி கைவிடப்பட்டது. ஏப்ரலில் இவான் எஸ்பினோசா தலைமைப் பொறுப்பேற்றார். 1961இல் திறந்த ஒப்பாமா ஆலை 2027-28 நிதியாண்டின் முடிவில் நிறுத்தப்படும், நிசானின் முதல் வெளிநாட்டு ஆலையான மெக்சிகோவின் சிவாக் மூடப்படும் என்ற அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. யோகோஹாமாவிலுள்ள தலைமையகக் கட்டடத்தையும் விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்க முடிவாயிற்று.

இதற்கிடையே 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்கள்மீது அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. ஜப்பானிலிருந்து வரும் கார்களுக்கு அது பின்னர் மொத்தம் 15 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு லட்சம் டாலர் காரில் இந்த வரியை எங்கேயாவது ஒளித்துவைக்கலாம். 18,000 டாலர் காரில் ஒளிக்க இடமில்லை. மிட்சுபிஷி தன் சிறிய காரான மிராஜை ஏற்கெனவே அமெரிக்காவிலிருந்து விலக்கிவிட்டது. மெக்சிகோவில் தயாரான வெர்சாவும் 2025 மாடலோடு அங்கே நின்றது. அமெரிக்காவில் புதுக் காரின் சராசரி விற்பனை விலை 50,000 டாலரைத் தாண்டியதும் அதே ஆண்டில்தான். புதுக் காரின் விலைக்கு எட்டாதவர் நேராகப் பழைய கார்ச் சந்தைக்குத்தான் போகிறார். அதனால் அங்கும் விலை இறங்குவதில்லை.

மலிவுக் காரை நிசான் முற்றிலும் விட்டுவிடவில்லை. அதைச் செய்யும் கைகள் மாறிவிட்டன. ஜப்பானில் விற்கும் டேஸ், ரூக்ஸ், சகுரா ஆகிய சிறு கார்கள் மிட்சுபிஷியின் மிசுஷிமா ஆலையில் உருவாகின்றன. ஐரோப்பாவுக்கான புதிய மைக்ரா மின்கார், ரெனால்ட் 5 காரின் அடித்தளத்தில் பிரான்ஸில் ரெனால்ட் தயாரிப்பது. ஒரகடம் ஆலையில் தன்னிடமிருந்த 51 விழுக்காடு பங்கையும் நிசான் 2025இல் ரெனால்டுக்கே விற்றுவிட்டது. நிசானின் மேக்னைட் கார் தொடர்ந்து அங்கிருந்து வருகிறது.

கெய் கார்: ஜப்பானின் உள்வழி

ஜப்பானுக்குள் மலிவுக் காரைக் காப்பாற்றிவருவது 1949இல் தோன்றிய கெய் என்ற சட்டப்பிரிவு. 660 சிசி எஞ்சின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்ற வரம்புக்குள் அடங்கும் வண்டிக்கு ஆண்டு வரி 10,800 யென். சாதாரணக் காரில் மிகச் சிறியதற்கே 25,000 யென். பேருந்து குறைந்துபோன கிராமப்புறங்களில் முதியவர் மருத்துவமனைக்குப் போவதும் பெண்கள் வேலைக்குப் போவதும் இந்த வண்டிகளில்தான்.

இந்த விதிக்குள் விளையாடத் தெரிந்தவர் சுசுகியின் தலைவராக இருந்த ஒசாமு சுசுகி. 1979இல் அவர் ஆல்டோவைச் சரக்கு வண்டியாகப் பதிவு செய்யும் வகையில் வடிவமைக்கச் செய்தார். பயணிகள் காருக்கான சரக்கு வரி அதனால் விழவில்லை. விலை 4,70,000 யென், நாடு முழுக்க ஒரே விலை. 1983இல் இந்தியாவில் வந்த முதல் மாருதி 800 இதே குடும்பத்து வண்டி. அமெரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் சுசுகி விலகிவிட்டது. தாய்லாந்து ஆலையையும் மூட முடிவு செய்தது. அதன் விற்பனையில் பாதிக்கு மேல் இன்று இந்தியாவில். இங்கே தயாரான ஃபிராங்க்ஸும் ஐந்து கதவு ஜிம்னியும் ஜப்பானுக்கே ஏற்றுமதியாகின்றன. எல்லாச் சந்தைக்கும் எல்லா வண்டியும் என்று நிசான் பரந்து கெட்ட இடத்தில், சுசுகி குறுகிப் பிழைத்தது.

கெய் உலகமும் களங்கமற்றதல்ல. எரிபொருள் சிக்கன எண்களை மிட்சுபிஷி திருத்திக் காட்டியது 2016இல் அம்பலமானது; அதில் சரிந்த மிட்சுபிஷியின் 34 விழுக்காடு பங்கை வாங்கியது நிசான்தான். 2023 இறுதியில் டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளிவந்து, எல்லா வண்டிகளின் அனுப்புதலும் நிறுத்தப்பட்டது. சோதனைக்கே அவகாசம் தராத அளவுக்கு உருவாக்கக் காலத்தை நெருக்கியதுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. விலையும் பழைய விலையில்லை. ஹோண்டாவின் என்-பாக்ஸ் 2023இல் புதுப்பிக்கப்பட்டபோது தொடக்க விலையே 16 லட்சம் யென்னைத் தாண்டியது.

பயன்படுத்திய கார்களும் இனி வரும் போட்டியும்

ஜப்பானில் பழைய காரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தரச்சோதனைக்கு விடவேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க உரிமையாளர்கள் விற்றுவிடும் வண்டிகள் ஏல மையங்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போகின்றன. இலங்கையில் ‘ரீகண்டிஷன்’ கார் என்ற பெயரில் வேகன் ஆர் போன்ற கெய் வண்டிகள் குடும்பக் காராக நிலைபெற்றது இப்படித்தான். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் அங்கு நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியே வண்டியின் விலையை மிஞ்சும் நிலை நீடிக்கிறது.

2027-28க்குள் சீனா நீங்கலாக ஆண்டுக்கு 25 லட்சம் வண்டி என்ற அளவுக்கு ஆலைத்திறனைச் சுருக்குவது நிசானின் திட்டம். அந்த அளவில் ஒரு சிறிய காரைத் தனியாக உருவாக்கி லாபம் பார்ப்பது கடினம். டொயோட்டாவும் சுசுகியும் இந்தியாவில் ஒரே பலேனோவை இரண்டு பெயரில் விற்பதுபோல, பகிர்ந்து செய்வதே இனி பெரும்பாலும் நடக்கும். 2025 அக்டோபரில் டோக்கியோ வாகனக் கண்காட்சியில் சீனாவின் பிஒய்டி ராக்கோ என்ற மின்சாரக் கெய் காரைக் காட்டி, 2026இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவரப்போவதாகச் சொன்னது. அது நேரடியாக மோதவிருப்பது நிசானின் சகுராவுடன்.